அம்மாயியையும் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறது எப்படி?

எங்க வீட்டுல டூர்னா முதல்ல வேன் பேசுவோம். எங்க போறதுங்கிறதை பிறகுதான் யோசிப்போம். 14 பேர் போற வேன்ல 17 பேர் ஏறுவோம். அதுல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்மீட்ல ஓடி ஜெயிச்ச அண்ணனும் இருப்பான், முழங்கால் தேஞ்ச அம்மாயியும் இருப்பாங்க, மடியில தூங்குற பிள்ளையும் இருக்கும். மலைக்குப் போவோம்னு யாராவது சொன்னா எல்லாரும் சரின்னுவோம். அடிவாரத்துல இறங்கின பிறகுதான் யாரு ஏறுறது, யாரு கீழ இருக்கிறதுன்னு பேச்சு வரும். அந்தப் பேச்சும் இரண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். அம்மாயி கீழ இருப்பாங்க.

இதுல யோசிக்க என்ன இருக்குன்னுதான் நானும் நினைச்சிருந்தேன், 2024 ஆகஸ்ட்ல சித்தி குடும்பம் ரொறன்ரோவுல இருந்து வந்து சேர்ற வரைக்கும்.

சித்தி வந்து ஒன்பது வருஷம். அப்போ கைக்குழந்தைகூட இல்லாம வயித்துல இருந்த தங்கச்சிக்கு இப்ப ஒன்பது வயசு ஆகப்போகுது. தம்பிக்கு 17. சித்தப்பா யாழ்ப்பாணத்து ஆள், எதுக்கும் "ஓம் ஓம்"னு சொல்லிட்டு கடைசியில தான் நினைச்சதைத்தான் செய்வார். வந்த மூணாவது நாள் சாயங்காலம், கரண்ட் போய், எல்லாரும் வாசல்ல உக்காந்திருந்தோம். தம்பி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளையா ஒரு மலை, அதுல மேல இருந்து கீழ வரைக்கும் பச்சை, நீலம், கறுப்புக் கோடுகள். ஏதோ பஸ் ரூட் மாதிரி இருந்துச்சு.

அவங்க வருஷா வருஷம் பெப்ரவரி மாசம் பனிச்சறுக்குக்குப் போறாங்களாம். ஒன்டாரியோவுல பெப்ரவரியில மூணாவது திங்கட்கிழமை ஃபெமிலி டேன்னு ஒரு லீவு. அதோட சனி ஞாயிறும் சேர்ந்தா மூணு நாள். குளிர்ல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த சனம் எல்லாம் அன்னைக்கு மலைக்குக் கிளம்பிடுமாம். இவங்க போறது பெரும்பாலும் ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்துல இருக்கிற ப்ளூ மவுண்டனுக்கு. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் வந்ததும், இந்தத் தடவை வேற இடத்துக்குப் போவமான்னு வீட்டுல சண்டை தொடங்குமாம். ஏன்னா நாலு பேரும் நாலு விதம். தம்பி கறுப்புக் கோட்டுல இறங்குறவன். சித்தப்பா நீலம் வரைக்கும், அதுவும் முகத்துல ஒரு பயத்தோட. தங்கச்சி இன்னும் பச்சை. சித்தி சறுக்கவே மாட்டாங்க.

பச்சை வட்டம்னா புதுசா பழகுறவங்களுக்கு. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு டைமண்ட் தெரிஞ்சவங்களுக்கு. இரண்டு கறுப்பு டைமண்ட் போட்டிருந்தா வீட்டுல சொல்லிட்டுப் போகணும். நான் இதையெல்லாம் சோதினைப் பெறுபேறு மாதிரி, உலகம் முழுக்க ஒரே அளவுகோல்னு நினைச்சேன். தம்பி இல்லைன்னான். அந்தந்த மலைக்குள்ளதான் அந்தக் கணக்கு. அந்த மலையிலேயே லேசானதுக்குப் பச்சை, கஷ்டமானதுக்குக் கறுப்பு. ஒரு சின்ன மலையோட கறுப்பு, பெரிய மலைக்குப் போனா நீலமாகிடும். தம்பியோட ப்ளூ மவுண்டன்ல உச்சிக்கும் அடிக்கும் 219 மீட்டர்தான் வித்தியாசம். அந்த நாட்டு மறுகரையில இருக்கிற விஸ்லர்ல அது 1,500 மீட்டருக்கும் மேல. நான் சும்மா இருக்காம, நம்ம சீகிரியாப் பாறையே தரையில இருந்து 180 மீட்டர் நிக்குதுடா, உன்னோட மலை அதைவிட ஒரு தென்னைமரமும் இன்னொரு தென்னைமரமும்தானே கூடன்னுட்டேன். பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு. பிறகு அவனே சிரிச்சு, "அக்கா, அதை மலை எண்டு சொல்லுறது அங்கத்தையாக்கள் மட்டும்தான்"னான்.

வயசுக்கு மீறின ஒரு தெளிவு அவன்கிட்ட இருந்துச்சு. இடம் தேடும்போது என்ன பாப்பீங்கன்னு கேட்டேன். நல்லா சறுக்குறவனை வச்சு இடம் தேடக்கூடாதாம், அவன் எங்க விட்டாலும் பிழைச்சுக்குவானாம். பழகுறவங்களுக்கு இருக்கிற இடம் ஒரு மூலையில ஒதுக்கிவிட்ட இடமா, இல்ல எல்லாரும் வந்துபோற இடத்துல இருக்கான்னு பாக்கணும். உச்சியில இருந்து ஒரு பச்சைக் கோடாவது கீழ வருதான்னு பாக்கணும். வந்தா தங்கச்சியும் அவனும் கம்பியில தொங்கிப் போற ஒரே கதிரையில உக்காந்து மேல போகலாம். மேல நின்னு ஒண்ணா பாத்துட்டு, அவன் நேரா விழுற வழியில வருவான், இவ சுத்திச் சுத்தி வர்ற வழியில வருவா. உச்சி இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

அப்புறம் ஒண்ணு சொன்னான். "எல்லாக் கோடும் ஒரே அடிவாரத்துல வந்து முடியுதா எண்டு பாக்கோணும். பெரிய இடங்கள்ல இரண்டு மூண்டு அடிவாரம் இருக்கும். பிழையான பக்கம் இறங்கினா அம்மா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்."

இதைக் கேட்டதும் எனக்கு வயித்துக்குள்ள என்னமோ செஞ்சிச்சு.

2023 சித்திரை வருஷப்பிறப்பு லீவுக்கு நாங்க சீகிரியா போனோம். மாத்தளையில பிறந்து வளந்து, அதே மாவட்டத்துல இருக்கிற சீகிரியாவை நான் ஸ்கூல் டூர்ல ஒரு தடவை பாத்ததோட சரி. அம்மாயி பாத்ததே இல்ல. 1,200 படி. நுழைவாசல்ல அகழி தாண்டி, தண்ணீர்ப் பூங்கா தாண்டி, படி தொடங்குற இடத்துல மரநிழல்ல ஒரு கல்லு. அம்மாயிய அதுல உக்கார வச்சோம். வெயில்ல தூக்கிட்டு ஏற முடியாதுன்னு கொண்டுவந்த பை, சாப்பாட்டுக் கூடை, குடை, சின்னதுகளோட ஸ்வெட்டர் எல்லாத்தையும் பக்கத்துல வச்சோம். ஒரு மணித்தியாலத்துல வந்துடுறோம்னு சொல்லிட்டு ஏறினோம்.

ஓவியம் பாக்க வரிசை. கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்துல வரிசை. சிங்கத்தோட பாதம் இருக்கிற மேடையில நின்னு படம் எடுத்தோம். அங்கிருந்து இரும்புப் படியில உச்சிக்குப் போய், காசியப்பன் இங்க குளிச்சான், இங்க தூங்கினான்னு அண்ணன் கதை விட்டான். இறங்கும்போதுதான் தெரிஞ்சுச்சு, ஏறுற வழி வேற, வெளியில போற வழி வேற. கூட்டத்தோட கூட்டமா நடந்து, கடைகள் தாண்டி, வாகனம் நிப்பாட்டுற இடத்துக்கு வந்துட்டோம். அம்மாயி பாறைக்கு அந்தப் பக்கம். நானும் அண்ணனும் சுத்தி நடந்து போய் சேர்றப்போ மூணு மணித்தியாலம் தாண்டிருச்சு.

அம்மாயி அதே கல்லுலதான் இருந்தாங்க. ஒரு பைகூட நகரல. எங்களைக் கண்டதும் கையைத் திறந்து காட்டினாங்க. உள்ள மடிச்ச ஐநூறு ரூபா நோட்டு. "ஒரு வெள்ளைக்காரம்மா குடுத்துட்டுப் போகுது. வேணாம்னு சொல்றதுக்குள்ள போயிருச்சு." வயசான ஒரு அம்மா, பழைய சேலை, சுத்திவர மூட்டை. அந்த வெள்ளைக்காரம்மா என்ன நினைச்சிருக்கும்னு எனக்குப் புரிஞ்சது. அம்மாயிக்கும் புரிஞ்சிருக்கும். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. வெளியில வந்து அந்தக் காசுல சின்னதுகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. எனக்கும் ஒண்ணு. நான் அதைத் தின்னேன். இன்னைக்கு வரைக்கும் அதை நினைச்சா ஒரு மாதிரி இருக்கும்.

அதனால, சித்தி வந்த உற்சாகத்துல அப்பா "ஞாயிறு எல்லாரும் எங்கயாவது போவோம்"னு சொன்னதும், இந்தத் தடவை இடத்தை நான் பாக்குறேன்னு முந்திக்கிட்டேன். தம்பி சொன்ன பனிச்சறுக்குக் கணக்கை அப்படியே எடுத்து, கம்பஸ்ல அசைன்மென்ட் எழுதுற கொப்பியோட பின்பக்கத்துல கட்டம் போட்டேன். யாரு எவ்வளவு ஏறுவாங்க, யாருக்கு உயரம்னா பயம், யாருக்கு வேன்ல வாந்தி வரும். அம்மாயி பேருக்கு நேரா ஒரு பச்சை வட்டம் போட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அதையும் அழிச்சு, சித்தி மாதிரி "இல்லை"ன்னு எழுதினேன்.

சீகிரியா சரிவராது. தம்புள்ளை குகைக்கோயிலைப் பத்தி அம்மா சொன்னாங்க. அஞ்சு குகை, பாறையிலேயே குடைஞ்ச 14 மீட்டர் நீளப் படுத்த புத்தர், ஏற்றமும் சீகிரியா அளவு இல்ல. ஆனா செருப்பைக் கழட்டிட்டு ஆகஸ்ட் வெயில்ல அந்தப் பாறையில கால் வைக்கணும். பிறகு எல்கடுவைப் பக்கம் செம்புவத்தை ஏரி. தேயிலைக்கு நடுவுல ஏரி, போட் இருக்கு, ஏறவே தேவையில்ல. இது சரியா வரும்னு அம்மாயிகிட்ட போட்டோவைக் காட்டினேன். "இது தேயிலையில்ல?"ன்னாங்க. ஆமான்னேன். "தேயிலையப் பாக்க டிக்கட்டா?" அதோட செம்புவத்தை முடிஞ்சது.

கடைசியில எனக்குப் பிடிச்சது பிட்டவல பத்தனை. ரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் கணவாய் தாண்டி, இலுக்கும்புறைக்குப் போற ரோட்டுல, நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள்ள ஒரு புல்வெளி. ஏற வேண்டிய உயரத்தை எல்லாம் வேனே ஏறிடும். ரோட்டோரத்துல டிக்கட் எடுத்துட்டு உள்ள நடந்தா ஒரு கிலோமீட்டருக்குள்ள மினி வேர்ல்ட்ஸ் எண்ட்னு சொல்ற பள்ளத்தோட விளிம்பு. கல்லுமேல மெல்லிசா மண், அதனால மரம் பெருசா வளராது, புல்லுதான். அப்போ நடுவுல ஒருத்தர் உக்காந்தாலும் போறவங்களும் வர்றவங்களும் கண்ணுக்குத் தெரிவாங்க. போற வழிதான் வர்ற வழி. தம்பியோட எல்லாக் கேள்விக்கும் இதுல பதில் இருந்துச்சு. கொப்பியில இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

நம்ம ஆளுங்க இதையெல்லாம் யோசிக்காதவங்கன்னு சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுல பழநி மலைக்கு 693 படி. அங்க 1966லேயே வின்ச் ரயில் போட்டுட்டாங்க, 2004ல ரோப் காரும் வந்துச்சு. முருகனைப் பாக்க முழங்கால் தேவையில்ல. கும்பிடப் போறப்போ எல்லாரையும் மேல கொண்டுபோறதுக்கு வழி தேடுறோம். சும்மா பாக்கப் போறப்போதான் வயசான ஆளை அடிவாரத்துல விட்டுட்டுப் போறோம்.

சனிக்கிழமை ராத்திரி, எல்லாரும் படுக்கப் பாய் விரிச்சிட்டிருந்தப்போ, நான் பெருமையா அம்மாயிகிட்ட போய் திட்டத்தைச் சொன்னேன். உங்களுக்காகத்தான் இந்த இடம், நீங்க நடக்கவே தேவையில்ல, முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன்.

"முழங்காலுக்கென்ன?"ன்னாங்க.

"வலிக்குதுன்னுதானே சீகிரியா ஏறல?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

யோசிச்சுப் பாத்தேன். உண்மையிலேயே சொல்லல. அண்ணன்தான் சொன்னான், அம்மாயிக்கு ஏலாதுன்னு. நாங்க எல்லாரும் தலையாட்டினோம்.

"அப்ப ஏன் கீழ இருந்தீங்க?"

"பைய யாரு பாத்துக்குவா?"

அதைச் சொல்லிட்டு தலகாணியத் தட்டிப் போட்டுட்டுப் படுத்துட்டாங்க. நான் விடல. வலியே இல்லையான்னு கேட்டேன். "வலி இருக்கு. வலியோட ஏறுறது எனக்கு என்ன புதுசா?"ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிட்டாங்க.

புதுசில்லதான். 16 வயசுல பேர் பதிஞ்சு, 40 வருஷத்துக்கு மேல கொழுந்தெடுத்தவங்க. தோட்டத்துல "மலை"ன்னா உங்க பாட்டி வீட்டுலயும் கேட்டிருப்பீங்க, அது பாக்கிற மலை இல்ல. இன்னைக்கு எந்த மலை, நாலாம் நம்பர் மலையா, ஆறாம் நம்பர் மலையான்னு காலையில பெரட்டுல சொல்லுவாங்க. மலைக்குப் போறதுன்னா வேலைக்குப் போறது. முதுகுல கூடை, இடுப்புல படங்கு, சரிவுல குறுக்க நின்னு எடுத்து, நிறுவைக்குத் தூக்கிட்டு இறங்கணும். அந்த ஆளுக்கு நான் கொப்பியில "இல்லை"ன்னு எழுதியிருக்கேன்.

இன்னொண்ணும் அப்போதான் ஞாபகம் வந்துச்சு. மலையக மக்கள் வந்து 200 வருஷம்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, ஜூலை 28ல தொடங்கி ஆகஸ்ட் 12ல மாத்தளைக்கு வந்து சேர்ந்த அந்த நடைபயணம். அம்மாயியோட பாட்டன் பூட்டன் நடந்து வந்த அதே பக்கத்து வழி. கடைசி நாள் டவுனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அடம்பிடிச்சாங்க. வெயில்ல நின்னாங்க, கூட்டத்தோட கொஞ்ச தூரம் நடந்தாங்க. உக்காருங்கன்னு கதிரை குடுத்தப்போ வேணாம்னுட்டாங்க. சீகிரியா போய் நாலே மாசம். ஒரே முழங்கால்தான்.

நாங்க பேசினதை சித்தி கேட்டுட்டிருந்திருக்காங்க. விளக்கை அணைச்ச பிறகு, இருட்டுல, "நானும் அப்படித்தான்"னாங்க.

முதல்ல எனக்கு விளங்கல. பிறகு மெதுவா சொன்னாங்க. பனிச்சறுக்குக்குப் போனா அடிவாரத்துல பெரிய கட்டடம் ஒண்ணு இருக்கும். நீள மேசை, கண்ணாடிச் சுவர், சூடு. காலையிலேயே போய் யன்னலோரமா ஒரு மேசையைப் பிடிச்சிடணும், இல்லாட்டி கிடைக்காது. நாலு பேரோட பை, மாத்துச் சொக்ஸ், சப்பாத்து, புளிச்சோறு, ஃப்ளாஸ்க். எட்டு வருஷமா அந்த மேசையிலதான் சித்தி. தங்கச்சி குளிருதுன்னு வருவா, கையுறை மாத்தணும். சித்தப்பா பசிக்குதுன்னு வருவார். தம்பி பன்னிரண்டு மணிக்கு ஒருக்கா எட்டிப் பாப்பான். பக்கத்து மேசைகள்லயும் இதே மாதிரி பைமலை, அதுக்குப் பின்னால ஒரு பஞ்சாபி அம்மா, ஒரு சீனத்துப் பாட்டி. ஒருத்தர் பாத்ரூம் போனா மத்தவங்க அவங்க பையையும் பாத்துக்குவாங்களாம். பாஷை தேவையில்லையாம்.

"நீங்க பழகலாமே சித்தி?"

"ஒரு வருஷம் வகுப்புக்குக் காசு கட்டினார். அரை மணித்தியாலம் நின்னேன். இவ அம்மா அம்மான்னு அழுதா. வந்துட்டேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த அரை மணித்தியாலம் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னாங்க.

"அங்க பை வைக்கிற லொக்கர் எல்லாம் இல்லையா?"

"இருக்கு."

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சித்தப்பா அந்தப் பக்கம் குறட்டை விட்டுட்டு இருந்தார், இல்ல விடுற மாதிரி இருந்தார்.

ஞாயிறு, ஆகஸ்ட் 4, காலையில கிளம்பினோம். ரத்தோட்டை தாண்டினதும் ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏற ஆரம்பிச்சிடும். இரண்டு பேர் வாந்தி, நான் கொப்பியில எழுதியிருந்த அதே இரண்டு பேர். ரிவர்ஸ்டன்ல காத்துன்னா அப்படியொரு காத்து. வேன் கதவைத் திறக்க இரண்டு கை வேணும். ஆகஸ்ட்ல அந்தப் பக்கம் போறவங்க தொப்பியை நம்பாதீங்க. மேல டவர் தெரியுற மாதிரி இருக்கும், உடனே மேகம் மூடிடும். பத்தனைக்கு இறங்கினா கொஞ்சம் வெளிச்சம், புல்லு முழுக்க ஒரே பக்கமா சாஞ்சு கிடக்குது.

டிக்கட் எடுத்தாச்சு. எல்லாரும் இறங்கினாச்சு. சாப்பாட்டுக் கூடையை எடுத்து ஓரமா வச்சதும் அம்மா சொன்னாங்க, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்."

அம்மாவுக்கு 47 வயசு. முழங்கால் நல்லா இருக்கு. உயரம்னா பயமும் இல்ல. யாரும் கேக்கவும் இல்ல. வாயில இருந்து தானா வந்துச்சு, மூச்சு விடுற மாதிரி. அண்ணன் வழக்கம்போல "சரிம்மா"ன்னு இரண்டு எட்டு வச்சிட்டான். நான் அம்மாயியப் பாத்தேன். அம்மாயி சித்தியப் பாத்தாங்க.

சித்திதான் சொன்னாங்க. "அத்தான், நீங்க இருங்க."

அப்பா சுத்திமுத்திப் பாத்தார், அத்தான்னு வேற யாராவது இருக்காங்களான்னு. இந்த மாதிரி ஒரு வேலையை யாரும் அவருக்குக் குடுத்ததில்ல. டிரைவர் அண்ணன் தலையைத் திருப்பிட்டு சிரிச்சார். "சரி, நான் இருக்கேன். போய்ட்டு வாங்க"ன்னு கூடைக்குப் பக்கத்துல உக்காந்தார், இரண்டாம் தவணைச் சோதினைக்கு உக்காந்த மாதிரி.

நடந்தோம். கறுப்பு டைமண்ட்காரன் வெள்ளைச் சப்பாத்தோட பொடிக்கல்லுல இரண்டு தடவை வழுக்கினான். அதை வச்சு நான் பெருசா ஒண்ணும் சொல்லப்போறதில்ல, நானும் ஒரு தடவை விழுந்தேன். அம்மாயி குடையை ஊன்றிக்கிட்டு வந்தாங்க. வேகமா வரல. நடுவுல மூணு தடவை நின்னாங்க, ஒரு இடத்துல முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க, எனக்குப் பயமாகிடுச்சு. திரும்புவமான்னு கேட்டேன். பதில் சொல்லாம, சரிவு வந்த இடத்துல உடம்பைக் குறுக்க திருப்பி, பக்கவாட்டா கால் வச்சு இறங்கினாங்க. அந்த நடையை எனக்குத் தெரியும். சின்ன வயசுல லயத்துக்குப் பின்னால நின்னு பாத்திருக்கேன்.

விளிம்பு வரைக்கும் அவங்க வரல. ஒரு கல்லுல உக்காந்து, "எனக்கு இது போதும்"னாங்க. நான் பக்கத்துல உக்காரப் போனேன். "நீ போ. என்கிட்ட இப்ப பை இல்ல, நீ காவல் இருக்க"ன்னு தள்ளிவிட்டாங்க.

திரும்பி வந்தப்போ அதே கல்லுல, காத்துல சேலையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, புல்லைப் பாத்துட்டிருந்தாங்க. என்ன அம்மாயி பாக்குறீங்கன்னேன். "இம்புட்டு எடத்தையும் சும்மா விட்டிருக்கானுங்களே." பிறகு, "கொழுந்து இல்லாத மலைய இப்பத்தான் பாக்குறேன்"னாங்க. அது நல்லதுன்னு சொன்னாங்களா, கெட்டதுன்னு சொன்னாங்களான்னு எனக்குத் தெரியல. வசனம் அவ்வளவுதான்.

ஆனா அன்னைக்கு நான் அதிகமா பாத்தது அம்மாவை. விளிம்புக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்துட்டாங்க. கீழ தெல்கமு ஓயா பள்ளத்தாக்கு, தூரத்துல துண்டு துண்டா வயல். அண்ணன் படம் எடுத்து முடிச்சான், தங்கச்சி பசிக்குதுன்னா, சித்தப்பா "ஓம் போவம்"னார். அம்மா அசையல. பேசவும் இல்ல. அம்மா கையில ஒண்ணுமே இல்லாம உக்காந்து நான் பாத்ததில்லை. ஒரு கீரைக்கட்டாவது இருக்கும். கால்மணித்தியாலத்துக்கு மேல இருந்திருப்பாங்க. கூப்பிடப் போன அண்ணனை நான்தான் பிடிச்சு நிப்பாட்டினேன்.

வேனுக்கு வந்தா, அப்பா ரோட்டுல ஐம்பது அடி தள்ளி நின்னு போனைத் தலைக்குமேல தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கார். அன்னைக்கு இந்தியாவோட இரண்டாவது ஒன் டே. முதல் மெச் டை ஆகியிருந்துச்சு. ஹசரங்க விளையாடுறானா இல்லையான்னு பாக்க சிக்னல் தேடியிருக்கார். கூடையைச் சுத்தி நாலு குரங்கு. வாழைப்பழம் முடிஞ்சு, ரொட்டிப் பார்சலைப் பிரிச்சிட்டு இருந்துச்சுகள். கட்டச் சம்பல் மட்டும் அப்படியே இருந்துச்சு, அதுகளுக்கும் உறைப்பு ஆகாதாக்கும்.

அம்மாயி குடையை ஓங்கி விரட்டிட்டு, மிச்சத்தை அள்ளிக் கூடையில போட்டுக்கிட்டே, "ஒரு பையப் பாத்துக்கத் தெரியல"ன்னு சொன்னாங்க. சத்தமாகூட சொல்லல. இறங்கி வந்து ரத்தோட்டையில ஒரு கடையிலதான் சாப்பிட்டோம். அப்பா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் வாயைத் திறக்கல. ஹசரங்கவுக்குப் பதிலா வந்த வன்டர்சே ஆறு விக்கட் எடுத்த பிறகுதான் மறுபடியும் வீட்டுல அவரோட குரல் கேட்டுச்சு.

போன பெப்ரவரியில சித்திகிட்ட இருந்து வட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. வெள்ளைப் பனியில, ஒரு பச்சை வட்டம் போட்ட பலகைக்குக் கீழ, சறுக்குப் பலகை ஒண்ணு ஒரு பக்கமும் இன்னொண்ணு மறுபக்கமுமா, சித்தி மல்லாந்து கிடக்குறாங்க. வாய் நிறையச் சிரிப்பு. எடுத்தது தங்கச்சியாம், விரல் பாதியை மறைச்சிருக்கு.

அம்மாயிகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, போனைக் கிட்டத்துல பிடிச்சு, ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பைய யாரு பாத்துக்கிட்டா?"ன்னு கேட்டாங்க.